எதைப் பிரித்துக் கொடுப்பது, எதை ஒரே கையில் விடுவது?

கடிதத்தின் சுருக்கம்: எழுதியிருப்பவர் திருச்சியை அடுத்த ஒரு ஊரில் பள்ளி ஆசிரியை. கணவருக்குச் சென்னையில் வேலை. சனி, ஞாயிறு மட்டுமே ஊருக்கு வருகிறார். சொந்த மனையில் 1,150 சதுர அடியில் தரைத்தள வீடு, பிற்காலத்தில் மாடி எடுக்கும்படியான தூண்களுடன் கட்டப் போகிறார்கள். உள்ளூர் ஒப்பந்ததாரர் ஒருவர் பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு 2,450 ரூபாய் கேட்கிறார். விலைத்தாளின் கீழே "வரி தனி" என்று ஒரு குறிப்பு. வேலை தொடங்கும்போதே 30 சதவீதம் முன்பணம் வேண்டுமாம். கொழுந்தனாரோ, "கொத்து வேலையை மேஸ்திரியிடம் கூலிக்கு விடுங்கள் அண்ணி. கரண்ட், பிளம்பிங், டைல்ஸ், மரவேலை, பெயின்ட் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பேசுங்கள். 5 லட்சம் மிச்சம்" என்கிறார். அத்தை மகன் எலெக்ட்ரீஷியன். தாய்மாமா மரப்பட்டறை வைத்திருக்கிறார். ரயில்வேயில் ஓய்வு பெற்ற மாமனார், "நான் தினமும் போய் நிற்கிறேன்" என்கிறார். வரைபடத்தை ஒப்பந்ததாரரே போட்டுத் தந்திருக்கிறார். ஒப்பந்ததாரரின் லாபம் வெறும் கமிஷன், தனித்தனியாகக் கொடுத்தால் ஒவ்வொருவரும் பொறுப்பாவதால் பாதுகாப்பு அதிகம் என்பது எழுதியவரின் எண்ணம். எந்த வேலையைப் பிரிக்கலாம், பிரித்தால் விரிசலோ ஒழுகலோ வந்தால் யாரைக் கேட்பது, பிளம்பரையும் எலெக்ட்ரீஷியனையும் சுவர் எழும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் அவசரம் இருக்கிறது. கூடாது. பிளம்பர் யார் என்பது பேஸ்மென்ட் பெல்ட்டுக்கு, அதாவது சுவர்களுக்கு அடியில் ஓடும் கான்கிரீட் விட்டத்துக்கு, கம்பி கட்டும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். கழிவுநீர்க் குழாய் வீட்டைவிட்டு வெளியேறும் இடத்தில் பெல்ட்டுக்குள் ஒரு துண்டுக் குழாயை வைத்து, வழிவிட்டுக் கான்கிரீட் போட வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால், பிறகு வரும் பிளம்பர் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து பெல்ட்டைக் கொத்துவார். உள்ளே கம்பி குறுக்கே வந்தால் அதையும் அறுப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. குழாய் எப்படியாவது வெளியே போக வேண்டும் அல்லவா?

மற்ற கேள்விகளுக்கு நான் எந்த அளவுகோலை வைத்துப் பதில் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் செய்த வேலை இன்னொருவர் வேலைக்குள் புதைந்து போகுமானால், அந்த இரண்டையும் ஒரே கையில் விடுங்கள். செய்த வேலை கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், தவறினால் கழற்றி மாற்றலாம் என்றால் தாராளமாகப் பிரியுங்கள். "எந்த வேலையில் அதிகம் மிச்சமாகும்" என்று உங்கள் கொழுந்தனார் கேட்பது தவறல்ல. ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி.

மிச்சம் என்று சொல்லும் அந்த 5 லட்சம்

1,150 சதுர அடிக்கு 2,450 வீதம் 28,17,500 ரூபாய் வருகிறது. அந்த "வரி தனி"யை 18 சதவீத ஜிஎஸ்டி என்று எடுத்துக்கொண்டால் மேலும் 5 லட்சத்து 7 ஆயிரம் ரூபாய் சேரும். கொழுந்தனார் சொல்லும் மிச்சத்தில் பெரும்பகுதி இந்த ஒரு வரியில்தான் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

எனவே ஒப்பந்ததாரரிடம் ஜிஎஸ்டி பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவு இல்லாதவர் உங்களிடம் வரி என்று ஒரு பைசா வசூலிக்க முடியாது. பதிவு உள்ளவர் என்றால், சிமெண்டுக்கும் கம்பிக்கும் தான் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. அந்தப் பயன் 2,450இல் குறைந்திருக்கிறதா என்று கேட்கலாம். சிமெண்டுக்கான வரியே 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு பேசுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மறுபக்கம், தனி வீடு ஒன்றைக் கூலிக்கு மட்டும் கட்டித் தரும் ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி விலக்கே இருக்கிறது. ஆகவே வரியைப் பொறுத்தவரை கொழுந்தனார் பக்கம் நியாயம் உண்டு.

ஆனால் ஒப்பந்ததாரரின் லாபம் முழுவதும் உட்கார்ந்த இடத்தில் வாங்கும் கமிஷன் என்று உங்கள் கடிதம் எடுத்துக்கொள்கிறது. அது சரியல்ல. சென்ட்ரிங் பலகை (கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் அச்சுப் பலகை), முட்டு, சாரக் கம்பு, கலவை இயந்திரம், வைப்ரேட்டர் ஆகியவற்றின் வாடகை அவருடையது. ஆள் வராத நாளில் வேறு ஆளைத் தேடுவது, ஜல்லி லாரி நடுராத்திரியில் வந்தால் எழுந்து போய் இறக்குவது, உடைந்த செங்கல், வீணான கலவை எல்லாமே அவர் தலையில். நீங்கள் பிரித்துக் கொடுத்தால் இந்தச் செலவுகள் மறைந்துவிடாது. உங்கள் வீட்டுக்கு இடம் மாறும். பெரும்பாலும் உங்கள் மாமனாருக்கு.

இடுக்கில் விழும் வேலைகள்

பிரித்துக் கொடுத்த வீடுகளில் நான் பார்க்கும் தகராறுகளில் பாதிக்கு மேல் யாருடைய வேலையும் அல்லாத வேலைகளைப் பற்றியவை. எலெக்ட்ரீஷியன் குழாய் பதிக்கச் சுவரில் காடி வெட்டுகிறார். வெட்டிய காடியைப் பூசி அடைப்பது யார்? "என் கூலியில் அது இல்லை" என்பார் மேஸ்திரி. ஜன்னல் கிரில்லைப் பட்டறைக்காரர் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விடுவார். அதை மட்டம் பார்த்து நிறுத்திக் கலவை வைப்பது யார்? பூச்சு முடிந்ததும் கொத்தனார் சாரத்தைப் பிரித்துக் கொண்டு போவார். அடுத்த வாரம் வரும் பெயின்டர் சாரம் எங்கே என்பார். டைல்ஸ் பெட்டிகளை லாரியிலிருந்து உள்ளே சுமப்பது, இடிபாடுகளை அள்ளுவது, சுவருக்குத் தண்ணீர் விடுவது என்று இந்தப் பட்டியல் நீளும்.

மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் கலவை இயந்திரமும் ஆட்களும் வந்து நிற்பார்கள். அதற்கு முந்தைய மாலைக்குள் எலெக்ட்ரீஷியன் பலகைமேல் ஏறி, கட்டிய கம்பிகளுக்கு இடையே பிவிசி குழாய்களை ஓட்டி, ஒவ்வொரு இணைப்புக்கும் பசை தடவி, மின்விசிறிப் பெட்டிகளைப் பலகையோடு இறுக்கி, உள்ளே சிமெண்டுப் பால் இறங்காமல் வாயை அடைத்திருக்க வேண்டும். அன்று அவர் வேறு ஊரில் வேலையாக இருந்தால் கான்கிரீட் காத்திருக்காது. கம்பி கட்டுபவரே இரண்டு குழாயைச் சொருகிவிட்டுப் போவார், பசை இல்லாமல். பலகை பிரித்த பிறகு ஒயர் இழுத்தால் பாதி வழியில் நிற்கும். இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. குழாய் பதிக்க அவசரமாக ஏறுபவர்கள் சன்ஷேடின் கம்பியை மிதித்துக் கீழே அழுத்திவிடுவார்கள். நீட்டி நிற்கும் சன்ஷேடுக்குக் கம்பி மேல்பக்கம் இருந்தால்தான் பலம். அடியில் போய்விட்டால் இருந்தும் இல்லாததற்குச் சமம். அதை மறுபடி தூக்கி வைக்க வேண்டியவர் மேஸ்திரியா எலெக்ட்ரீஷியனா என்று அந்தக் காலை நேரத்தில் யாரும் விவாதித்துக் கொண்டிருக்கமாட்டார்கள்.

ஆகவே எதைப் பிரித்தாலும், இந்த இடுக்கு வேலைகளை ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பெயரைப் போடுங்கள். பெயர் போட முடியாத வேலைக்கு உங்கள் பெயர்தான்.

எதை யாரிடம்

அஸ்திவாரம் முதல் உள், வெளிப் பூச்சு வரை ஒருவரிடமே இருக்கட்டும். மண் வேலை, கம்பி, சென்ட்ரிங், கான்கிரீட், செங்கல், பூச்சு ஆகியவற்றைத் தனித்தனி ஆட்களிடம் கூலி பேசி நடத்துவது, கட்டட வேலையே தொழிலாக உள்ளவர்களுக்குத்தான் கைகூடும். உங்கள் நிலையில், கணவர் ஊரில் இல்லாதபோது, அது வேண்டாம்.

பிளம்பிங்கும் அவரிடமே. குளியலறைத் தரை, சுவர் டைல்ஸ், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, மொட்டைமாடித் தட்டோடு, மழைநீர்க் குழாய் வாய் ஆகிய அனைத்தும் அதே கையில். பலர் டைல்ஸ் ஒட்டிவிட்டால் தண்ணீர் இறங்காது என்று நினைக்கிறார்கள். டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும். டைல்ஸுக்கு நடுவிலுள்ள இடைவெளி தடுக்காது. தடுக்க வேண்டியது அடியில் உள்ள பூச்சு. குழாய் தரையைத் துளைக்கும் இடத்தைச் சுற்றி மிச்சக் கலவையைத் திணித்து மேலே டைல்ஸ் ஒட்டினால் வெளியே பார்க்க அழகாகத்தான் இருக்கும். தரைத்தளம் என்பதால் கீழே ஒழுக இடமில்லை. அந்த ஈரம் பக்கத்துப் படுக்கையறைச் சுவரின் அடியில் ஏறி, பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிரும். அப்போது பிளம்பர் டைல்ஸ்காரரையும், டைல்ஸ்காரர் கொத்தனாரையும், கொத்தனார் பிளம்பரையும் கைகாட்டுவார்கள். மூவர் சொல்வதும் ஓரளவு உண்மையாக இருப்பதுதான் இதில் சிக்கல்.

மின்வேலை எல்லைக்கோட்டில் நிற்கிறது. அதுவும் புதைகிற வேலைதான். ஆனாலும் மின்சாரத் தவறு பெரும்பாலும் சோதித்த அன்றே தெரியும்; தண்ணீர்த் தவறு இரண்டு மழை போன பிறகுதான் தெரியும். அதனால் உங்கள் அத்தை மகனுக்குக் கொடுக்க விரும்பினால் கொடுக்கலாம், இரண்டு நிபந்தனைகளோடு. குழாய் பதிப்பதிலிருந்து சுவிட்ச் மாட்டுவதுவரை முழுவதும் அவரே செய்ய வேண்டும். குழாய் ஒருவர், ஒயர் ஒருவர் என்று வெட்டக்கூடாது. தளத்துக்கு முந்தைய நாளும் பூச்சுக்கு முன்பும் அவர் கட்டாயம் வர வேண்டும். பலகை பிரித்ததும் எல்லாக் குழாயிலும் இழுகம்பி விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பூச்சு தொடங்க வேண்டும். உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் கையொப்பமிட்ட வயரிங் நிறைவு அறிக்கையை மின்வாரியம் கேட்கும். அவருக்கு அந்த உரிமம் உண்டா, இல்லையென்றால் யார் கையொப்பமிடுவார் என்பதை இப்போதே கேட்டுவிடுங்கள்.

தயங்காமல் பிரிக்கக் கூடியவை: கதவுகள், கிரில், கேட், கூடத்துக்கும் அறைகளுக்குமான தரை டைல்ஸ், சமையலறை அலமாரிகள், பெயின்ட், விளக்கு, மின்விசிறி, சுற்றுச்சுவர். பெயின்டை மட்டும் அவசரப்படுத்த வேண்டாம். புதுப் பூச்சு நான்கு வாரமாவது காய்ந்தால்தான் பட்டியும் பிரைமரும் பிடிக்கும். கிரகப்பிரவேச நாளைக் குறித்துவிட்டு ஈரச் சுவரில் பட்டி பார்த்தவர்கள் அடுத்த வருடமே மறுபடி பெயின்டரைத் தேடுகிறார்கள்.

ஆழ்துளைக் கிணறு எப்படியும் தனி ஒப்பந்தம்தான்; அதை முதலில் முடியுங்கள். அந்தத் தண்ணீரில்தான் கான்கிரீட் கலக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு பாட்டிலைச் சோதனைக்கூடத்தில் கொடுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, பிஎச் 6க்குக் கீழே இறங்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். உப்புத் தண்ணீர் என்றால் டேங்கர் செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.

நீங்கள் எல்லாவற்றுக்கும் முன்பு தனியாகப் பேச வேண்டிய ஆள் ஒருவர் உண்டு. அவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. வரைபடம் ஒப்பந்ததாரரே போட்டுத் தந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒப்பந்ததாரரின் சம்பளத்தில் இல்லாத ஒரு பொறியாளரை, கட்டம் கட்டமாக வந்து பார்க்க மட்டும் அமர்த்துங்கள். பூட்டிங் (தூணின் அடித்தளம்) கம்பி, தூண் கம்பி, பெல்ட், தளக் கம்பி ஆகியவற்றைக் கான்கிரீட்டுக்கு முன்பு ஒருமுறை பார்க்க வேண்டும். டைல்ஸுக்கு முன்பு குழாய்களில் அழுத்தச் சோதனை. குளியலறையில் வாயை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்ப்பது. இவ்வளவே போதும். உங்கள் மாமனார் நிற்பது பெரிய பலம், அவரை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆள் வந்தார்களா, சிமெண்டு இறங்கியதா, தண்ணீர் விட்டார்களா என்பதை அவரைவிட யாரும் நன்றாகப் பார்க்க முடியாது. தூணுக்கு 40 மில்லிமீட்டர், தளத்துக்கு 20 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம்) இருக்கிறதா, பலகையை எத்தனையாவது நாள் பிரிக்கலாம் என்பதை ஒரு பொறியாளர் சொன்னால் மேஸ்திரி மறுபேச்சு பேசமாட்டார். பலகை விஷயத்தில், சாதாரண சிமெண்டானால் நாலரை மீட்டர்வரை அகலமுள்ள தளத்தின் முட்டு 7 நாளாவது நிற்க வேண்டும், அதற்கு மேல் என்றால் 14 நாள். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டு. அதற்கு இன்னும் சில நாள் கூட்டி வைப்பது நல்லது, கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டு நீராற்றுவதும் 10 நாளுக்குக் குறையக் கூடாது.

கம்பியை வாங்குங்கள், சிமெண்டை விடுங்கள்

பொருளை நாமே வாங்கினால் மிச்சம் என்பது எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. கம்பிக்குப் பொருந்தும். கட்டமைப்பு வரைபடத்திலிருந்து எத்தனை கிலோ தேவை என்று முன்கூட்டியே கணக்கிடலாம், வந்ததை எடைமேடையில் சரிபார்க்கலாம். 12 மில்லிமீட்டர் கம்பி, 12 மீட்டர் நீளமுள்ளது, ஒன்று சுமார் 10.67 கிலோ இருக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் என்றால் 4.74 கிலோ. பத்துக் கம்பியை எடுத்துப் போட்டாலே தெரிந்துவிடும்.

சிமெண்டும் மணலும் அப்படியல்ல. சிறு சிறு தவணையாக வரும். கொட்டகையில் ஈரம் ஏறும். எத்தனை மூட்டை எந்த வேலைக்குப் போனது என்று பின்னால் கணக்குக் கேட்க முடியாது. நாளை தளத்தில் விரிசல் வந்தால் "சிமெண்டு நீங்கள் வாங்கியதுதானே" என்ற பதில் தயாராக இருக்கும். அவற்றை ஒப்பந்ததாரரே வாங்கட்டும். எந்த பிராண்டு, என்ன ரகம், கல்லை நொறுக்கிய எம் சாண்டா, பூச்சுக்கு அதைவிட நைசான பி சாண்டா என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். "தரமான பொருட்கள்" என்று எழுதுவது எழுதாததற்குச் சமம்.

பணமும் பொறுப்பும்

30 சதவீத முன்பணம் அதிகம். 10 சதவீதத்தோடு நிறுத்தி, மற்றதைக் கட்டம் முடிந்தபின் என்று பிரியுங்கள்: பேஸ்மென்ட் முடிந்தபின், லின்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்) முடிந்தபின், தளம் போட்டபின், பூச்சு முடிந்தபின். "முடிந்தபின்" என்ற சொல் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். "தொடங்கும்போது" என்று எழுதினால் பணம் எப்போதும் வேலைக்கு முன்னால் ஓடும். கடைசி 5 சதவீதத்தை ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை கடந்த பிறகு தருவதாக எழுதுங்கள். நல்ல ஒப்பந்ததாரர் முணுமுணுப்பார், ஆனால் ஒப்புக்கொள்வார்.

விரிசல் வந்தால் யாரைக் கேட்பது என்பதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தருவதையும் சேவை என்றே சொல்கிறது. கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். தனித்தனியாகக் கொடுத்தால் ஒவ்வொருவரும் அவரவர் வேலைக்குப் பொறுப்பு, அதனால் நமக்குப் பாதுகாப்பு அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். நடைமுறை இதற்கு நேர்மாறானது. ஒரே ஒப்பந்தம் என்றால் ஒழுகுகிறது என்று காட்டினால் போதும். ஐந்து ஒப்பந்தம் என்றால் யாருடைய வேலையால் ஒழுகுகிறது என்பதையும் நீங்களே காட்ட வேண்டும். எழுத்தில் எதுவுமே இல்லாமல் நாள்கூலிக்கு ஆள் வைத்து நீங்களே வேலை வாங்கினால், அது சேவையே அல்ல, தனிப்பட்ட பணி என்று எதிர்த்தரப்பு வாதிடவும் இடமுண்டு.

நாள்கூலியில் இன்னொரு ஆபத்து. சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால், கூலி கொடுத்தவர் என்ற முறையில் இழப்பீட்டுக் கேள்வி உங்கள் வாசலுக்கு வரலாம். எந்த முறையில் கட்டினாலும் தொழிலாளர் விபத்து இழப்பீட்டுக் காப்பீடு ஒன்றை, வேலை நடக்கும் காலத்துக்கு மட்டும், ஒப்பந்ததாரர் எடுக்கிறாரா என்று பாருங்கள். எடுக்காவிட்டால் நீங்களே எடுத்துவிடுங்கள்.

சொந்தக்காரர்கள் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. அத்தை மகனிடம் 5 சதவீதத்தைப் பிடித்து வைக்க உங்களால் முடியுமா? ஒரு சுவிட்ச் வேலை செய்யவில்லை என்றால் குடும்ப விசேஷத்தில் முகம் பார்க்காமல் இருக்க முடியுமா? முடியாது என்றால், அவர் மனம் நோகாமல் விளக்கு, மின்விசிறி மாட்டும் வேலையைப் பிறகு கொடுங்கள். வயரிங்கை ஒப்பந்ததாரரே பார்க்கட்டும். முடிவெடுக்கும் முன் மேலே நான் சொன்ன இரண்டு நிபந்தனையையும் அத்தை மகனிடம் நேராகச் சொல்லிப் பாருங்கள், அவர் முகத்திலேயே விடை தெரிந்துவிடும்.

தாய்மாமாவிடம் அந்தச் சிக்கல் இல்லை. மர வேலை கண்ணுக்குத் தெரியும். கதவு சரியாக மூடாவிட்டால் ரம்பமும் இழைப்புளியுமாக வந்து சரிசெய்துவிடுவார். அவரிடம் இன்றே போய்ப் பேசுங்கள். கதவுகள் பூச்சுக்குப் பிறகு வந்தால் போதும். கதவைத் தாங்கும் சட்டமான நிலை அப்படியல்ல, பேஸ்மென்ட் முடிந்து முதல் வரிசைச் செங்கல் வைக்கும்போதே தலைவாசல் நிலை கையில் இருக்க வேண்டும், மரமும் அதற்குள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எத்தனை நிலை, என்ன அளவு, பூச்சுக் கனத்துக்கு எவ்வளவு விட வேண்டும் என்று உங்கள் பொறியாளரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி, அந்தத் தாளை மாமாவிடம் ஒன்றும் மேஸ்திரியிடம் ஒன்றும் கொடுத்துவிடுங்கள்.